பிடுங்கிய காட்டன்

ஹென்றி காட்டன் என்றதும் முக்கொம்பில் அணை கட்டிய காட்டனை நினைத்துவிடாதீர்கள். அவர் கட்டினவர், இவர் பிடுங்கினவர்.

1907-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், டிரென்டன் மனநோய் மருத்துவமனைக்குத் தலைவராக வந்தபோது இவருக்கு முப்பது வயது சொச்சம். ஜெர்மனி போய் அல்சைமரிடம் பாடம் கேட்டவர். வந்த வேகத்தில் நோயாளிகளைப் பிணைத்திருந்த கட்டுகளை அவிழ்த்து எறிந்தார். அதோடு நிறுத்தியிருந்தால் சிலையே வைத்திருக்கலாம்.

1913-ல் நொகுச்சி, மூர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒருவகை மனநோயாளிகளின் மூளைக்குள் சிபிலிஸ் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். காட்டனுக்கு ஞானம் பிறந்தது. ஒரு பைத்தியத்துக்குக் கிருமி காரணம் என்றால் எல்லாப் பைத்தியத்துக்கும் கிருமிதானே? அது எங்கே ஒளிந்திருக்கும்? பல்லில். பிடுங்கினார். தெளியவில்லையா, டான்சிலில் இருக்கும். அங்கும் இல்லையா, பெருங்குடலில். வெட்டினார். வயிற்றுக்குள் இருந்த எந்த உறுப்புக்கும் உத்தரவாதமில்லை. ஆன்டிபயாட்டிக் வராத காலம் வேறு. குடலை இழந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்ததாக அவர் கணக்கே சொன்னது. அதே வாயால் நூற்றுக்கு 85 பேர் குணம் என்றும் சொன்னார். செத்தவர் வந்து மறுக்கப்போகிறாரா? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அழைத்து மேடை கொடுத்தது.

1924-ல் காட்டனின் குருநாதர் அடோல்ஃப் மேயர், ஃபிலிஸ் கிரீன்ஏக்கர் என்ற பெண் மருத்துவரைக் கணக்குப் பார்க்க அனுப்பினார். அதிகம் வெட்டுப்பட்டவர்களே படுமோசம், கை வைக்காமல் விட்டவர்கள் தேவலை என்று அவர் கண்டார். மேயர் அறிக்கையை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார். சிஷ்யன் மனம் நோகக் கூடாதாம்! அந்தச் சிஷ்யரோ தன் பிள்ளைகளின் பல்லையும் எடுக்க வைத்தார்; தனக்கே மனம் தடுமாறியபோது தன் பல்லையும் கொடுத்தார். ஊரை ஏமாற்றினார் என்று சொல்ல வழியில்லை. மனுஷன் நிஜமாகவே நம்பியிருக்கிறார். அதுதான் பயங்கரம்.

1933-ல் காட்டன் போய்ச் சேர்ந்தார். ஆனால் அவர் கிளப்பிய கிருமிப் புகைக்கு அடியில் கொஞ்சம் நெருப்பும் இருந்திருக்கிறது. கிருமிகளை அடையாளம் காட்டி அழற்சியைத் தூண்டும் சி4 என்ற மரபணு சிலருக்கு அதிகமாக வேலைசெய்யும். அவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு சற்றே கூடுதல் என்று 2016-ல் ஸ்டீவன் மெக்கரோல் குழு காட்டியது. மூளையின் நரம்பிணைப்புகளைக் கத்தரிக்கும் வேலையிலும் சி4-க்குப் பங்குண்டு. நோய் முற்றாமல், வீண் சந்தேகமும் விசித்திர நம்பிக்கையுமாக உலவுகிறவர்களிடமும் இப்போது அழற்சி மரபணுக்களைத் தேடுகிறார்கள். காட்டன் இருந்திருந்தால் முதல் ரத்த மாதிரி அவருடையதாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சி4 இருப்பது ஆறாவது குரோமோசோமில், பல்லில் அல்ல. பல் சொத்தையானால் பல் டாக்டரிடம் போங்கள், பல்லுக்காக மட்டும்.