சம்பளம் வாங்காத விளம்பர அதிகாரி

தமிழ்த் திரைப்படத் துறையில் தயாரிப்பாளர், இயக்குநர், விநியோகஸ்தர், திரையரங்கு உரிமையாளர் ஆகியோருக்கு அடுத்தபடியாக வைத்து எண்ணப்பட வேண்டியவரும், ஆனால் எந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலிலும் இடம்பெறாதவருமான ஒருவர் உண்டு. படம் வெளியாவதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே அதன் விளம்பரப் பொறுப்பைத் தானாக ஏற்றுக்கொண்டு, அதற்கான செலவையும் சொந்தக் கைக்காசிலிருந்தே செய்து, கடைசியில் நுழைவுச்சீட்டையும் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொண்டு உள்ளே போகும் இவரை வெறுமனே ரசிகர் என்று சொல்லிவிட்டுப் போவது இவருடைய உழைப்புக்குச் செய்யும் துரோகமாகும். ரசிகர் என்பவர் படத்தைப் பார்த்த பிறகு உருவாகிறவர். இவரோ படத்துக்குப் பெயர் வைக்கப்படுவதற்கு முன்பே உருவாகி, பெயரை எப்போது வைப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பவர். படத்தைப் பற்றிப் பேசும்போது இவர் தன்மைப் பன்மையையே பயன்படுத்துவார். "பொங்கலுக்கு நாங்க வர்றோம்" என்று இவர் தொலைபேசியில் சொல்லக் கேட்டு ஊரிலுள்ள அத்தை கூடுதலாக அரிசி ஊறவைத்தால், அது அத்தையின் அறியாமையே, வரப்போவது படம்.

மக்களின் கண்ணை இழுக்க வித்தை காட்டுவது இத்துறைக்குப் புதிதன்று. மாட்டுவண்டியின் இருபுறமும் தட்டி கட்டி, மேளம் கொட்டி, பிட் நோட்டீஸ் எனப்படும் வண்ணத் துண்டுத்தாள்களை வீசிக்கொண்டு டூரிங் கொட்டகைக்காரர்கள் ஊர் ஊராகப் போன காலத்திலேயே அது வழக்கத்தில் இருந்தது. பத்திரிகை நடத்த வருவதற்கு முன் விளம்பரத் தொழிலிலும் அஞ்சல்வழி வணிகத்திலும் கைதேர்ந்திருந்த எஸ்.எஸ். வாசன், 1948இல் 'சந்திரலேகா'வை வெளியிட்டபோது, ராட்சத முரசுகளின்மேல் ஆடும் அதன் புகழ்பெற்ற நடனத்துக்குச் செலவிட்டதைப் போலவே, அதைப் பற்றி நாடெங்கும் பேசவைப்பதற்கும் தாராளமாகச் செலவிட்டார். 1978இல் 'பைரவி'யின் சென்னை வட்டார விநியோகத்தை எடுத்த கலைப்புலி எஸ். தாணு, பிளாசா திரையரங்கில் ரஜினிகாந்துக்கு 35 அடி உயரத்தில் கட்அவுட் வைத்து, அதாவது உருவத்தின் விளிம்பையொட்டி வெட்டப்பட்ட ஓவியப் பலகையைச் சாரம் கட்டி நிறுத்தி, சுவரொட்டியில் 'சூப்பர் ஸ்டார்' என்றும் அச்சடித்தார். பலகை இறங்கிவிட்டது, பட்டம் இறங்கவில்லை. அதே தாணு 2016இல் 'கபாலி'யைத் தயாரித்தபோது, ஏர்ஏசியா விமானம் ஒன்றின் மேனியில் அதே நடிகரின் உருவம் ஏறியது. படம் வெளியான ஜூலை 22 அன்று பெங்களூரிலிருந்து சென்னைக்கு ரசிகர்களைச் சுமந்துவந்த சிறப்பு விமானமும் உண்டு. விமானத்தில் வரைந்த படத்தைத் தரையில் நிற்பவர் இலவசமாகப் பார்க்கலாம், பணம் கட்டி உள்ளே அமர்ந்தவரால் மட்டும் பார்க்க முடியாது என்னும் உண்மை எந்தப் பயணியின் உற்சாகத்தையும் குறைத்ததாகத் தெரியவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் சில தனியார் நிறுவனங்கள் அந்த நாளை விடுமுறையாகவே அறிவித்துவிட்டதால், முதல் காட்சிக்காக வழக்கமாக இறந்துபோகும் பாட்டிகள் பலர் அம்முறை உயிர் பிழைத்தனர்.

வாசன் காலத்தில் வணிகர் செலவழித்தார், மக்கள் வாய்பிளந்தார்கள். இப்போது வாய்பிளப்பவரே செலவையும் ஏற்றுக்கொண்டிருக்கிறார். இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதை அறிய, ஒரு படம் வெளியாவதற்கு முன் எத்தனை முறை வெளியாகிறது என்பதைக் கவனித்தாலே போதும். முதலில் 'ஃபர்ஸ்ட் லுக்', அதாவது நாயகன் யாரையோ முறைத்துக்கொண்டிருக்கும் முதல் சுவரொட்டி. பிறகு 'மோஷன் போஸ்டர்', அதே சுவரொட்டியில் நாயகன் அசையாமலிருக்க அவருக்குப் பின்னாலுள்ள புகை மட்டும் அசைவது. அடுத்து 'கிளிம்ப்ஸ்' என்னும் சில நொடிக் காட்சி. அதன் பின் கதையைச் சொல்லாமல் மறைக்கும் 'டீசர்'. இறுதியில், மறைத்ததையெல்லாம் இரண்டரை நிமிடத்தில் கொட்டிவிடும் 'ட்ரெய்லர்'. இடையிடையே வரும் 'லிரிக் வீடியோ' என்பது பாடலின் சொற்கள் எழுத்தாகவும் திரையில் வந்து விழும் படத்துண்டு. பாடுவது காதில் விழாது என்பதைத் தயாரிப்பாளரே முன்கூட்டி ஒப்புக்கொண்ட நேர்மையை இதில் பாராட்ட வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் முன்னால், அது இன்ன நாளில் இன்ன மணிக்கு வரும் என்ற அறிவிப்பும், அந்த அறிவிப்பு நாளை மாலை வரும் என்ற இன்னோர் அறிவிப்பும் வெளியாகும். இந்தக் கடைசி வகைக்கே 'அப்டேட்' என்று பெயர். நம் அதிகாரியின் வாழ்க்கை பெரும்பாலும் இதை எதிர்பார்த்தே கழிகிறது.

வந்த அப்டேட்டை இவர் வெறுமனே பார்த்துவிட்டு விடுவதில்லை. அரை மணி நேரத்துக்குள் அதற்குரிய ஹேஷ்டேக்கை, அதாவது சமூக ஊடகங்களில் ஒரே பொருள் பற்றிய பதிவுகளைத் திரட்டித் தரும் குறிச்சொல்லை, நாட்டின் முன்னணிக்குக் கொண்டுவர வேண்டிய கடமை இருக்கிறது. அலுவலகத்தில் ஒரே கோப்பை இரண்டாம் முறை திறக்கச் சொன்னால் சலித்துக்கொள்பவர், இங்கே ஒரே வரியை நூறு முறை பதிவிடுவதில் சலிப்படைவதே இல்லை. அதன் பின் 'டீகோடிங்' தொடங்கும். இது ஃபர்ஸ்ட் லுக்கின் ஒவ்வொரு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்து மறைபொருள் காணும் கலை. பின்னணிச் சுவரிலுள்ள கடிகாரம் நான்கரை மணி காட்டினால் நாயகனுக்கு நான்கு மனைவியரும் அரைகுறையான ஒரு முன்கதையும் உண்டு என்று பொருள் கொள்வார். சட்டையின் மூன்றாம் பொத்தான் கழன்றிருந்தால் மூன்றாம் பாகம் உறுதி. திருக்குறளுக்குக் கிடைத்த பதின்மர் உரையும், பின்னணியில் எதற்காகவோ நிறுத்தப்பட்ட ஒரு மிதிவண்டிக்கு இவர்கள் எழுதும் உரையின் அளவுக்கு முன் சற்றே சுருக்கமாகத் தோன்றும். கலை இயக்குநர் அந்த மிதிவண்டியைப் படப்பிடிப்புக் குழுவில் ஒருவர் மறந்து விட்டுப்போனதாகச் சொன்னாலும் இவர் ஏற்கமாட்டார். அப்படிச் சொல்வதும் ஓர் உத்தி.

அப்டேட் வராமலே போனால் என்ன நிகழும் என்பதற்கு அஜித்குமார் நடித்த 'வலிமை' வரலாற்றுச் சான்றாக நிற்கிறது. 2019இல் தொடங்கிய அப்படம், இடையில் பெருந்தொற்றும் குறுக்கிட்டதால், பெயரைத் தவிர வேறெதையும் வெளிவிடாமல் நீண்ட காலம் மௌனம் காத்தது. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தபோது, எல்லைக்கோட்டருகே பந்துக்காகக் காத்திருந்த இங்கிலாந்து வீரர் மொயீன் அலியிடம் அரங்கிலிருந்து 'வலிமை' அப்டேட் கேட்டார்கள். அவர் அது என்னவென்று அறியாமல் இந்திய வீரர் அஸ்வினிடம் விசாரித்ததை அஸ்வினே பின்னர் சொன்னார். அந்த மாதமே அஜித், இத்தகைய செயல்கள் வருத்தமளிப்பதாகவும் பொறுமை காக்குமாறும் அறிக்கை விடுத்தார். அந்த அறிக்கையையே ஓர் அப்டேட்டாகக் கொண்டாடியவர்களும் இருந்தார்கள். முதல் சுவரொட்டி ஜூலையில் வந்தது, படம் 2022 பிப்ரவரியில் வந்தது. நேரலையாக ஒளிபரப்பாகும் ஒரு டெஸ்ட் ஆட்டத்தின் நடுவில், படத்தின் பெயரை அயல்நாட்டு வீரர் ஒருவரின் வாயிலிருந்தே வரவழைக்க ஒரு விளம்பர நிறுவனம் என்ன கட்டணம் கேட்டிருக்கும் என்பதைத் தயாரிப்பாளர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்கள். எதுவும் சொல்லாமலிருப்பதே செலவில்லாத சிறந்த விளம்பரம் என்னும் பாடத்தை இத்துறை அதன் பிறகு மறக்கவில்லை.

தெருவில் இறங்கும்போது இவர் கைப்பேசிக்காரர் என்ற நிலையிலிருந்து கட்டடக்காரராக மாறுகிறார். நாயகனை நடுவில் பெரிதாக நிறுத்தி, கீழே தபால்தலை அளவில் தன் முகமும், பட்டப்பெயரும், பகுதிப் பொறுப்பும், தனக்கு அடுத்த பதினைந்து பேரின் முகங்களும் அடங்கிய ஃபிளெக்ஸ் பேனரை இவர் வைப்பது நாயகனுக்காக என்றே பலரும் கருதுகிறார்கள். நாயகனின் முகம் ஊருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை நினைத்துப் பார்த்தால், விளம்பரம் யாருக்கு என்பது விளங்கும். பேனருக்குப் பாலூற்றுவதும் இவர் துறையைச் சேர்ந்ததே. 2019 ஜனவரியில், படவெளியீட்டை ஒட்டி அதிகாலையில் கடை வாசலிலிருந்து பால் பாக்கெட்டுகள் களவு போவதாகப் பால் முகவர்கள் சங்கம் காவல்துறையிடம் முறையிட வேண்டியிருந்தது. அதே மாதம் நடிகர் சிம்பு, தனக்குப் பாலூற்ற வேண்டாம், அப்பா அம்மாவுக்குத் துணி எடுத்துக் கொடுங்கள் என்று நல்ல வார்த்தை சொன்னார். கேலி கிளம்பியதும் பாக்கெட்டில் ஊற்றாமல் அண்டாவில் ஊற்றுங்கள் என்றார். பிறகு, அண்டாப் பாலை மக்களுக்குக் காய்ச்சிக் கொடுக்கவே சொன்னதாக விளக்கினார். இந்த மூன்றில் எதைக் கடைப்பிடிப்பது என்பதில் அதிகாரிக்குக் குழப்பமே ஏற்படவில்லை. நடுவில் சொன்னதையே எடுத்துக்கொண்டார்.

காட்சி நேரம் விடியலை நோக்கி நகர்ந்ததும் இவரால்தான். நாயகனின் படத்தைச் சூரியனுக்கு முன் பார்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் அதிகாலை நான்கு மணிக் காட்சியை வழக்கமாக்கியது. 2023 ஜனவரி 11 அன்று 'துணிவு' நள்ளிரவு ஒரு மணிக்கும் 'வாரிசு' நான்கு மணிக்கும் திரையிடப்பட்டன. அன்று சென்னையில் ஓடும் லாரிமேல் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் விழுந்து உயிரிழந்தார். யாரும் கூலி கொடுக்காத வேலைக்கு அந்த விலை மிக அதிகம். அதன் பின் தமிழ்நாட்டில் முதல் காட்சி ஒன்பது மணிக்குத் தள்ளப்பட்டது. 'ஜெயிலர்', 'லியோ' இரண்டும் அதே 2023இல் அந்த நேரத்திலேயே தொடங்கின. கேரளத்தில் அத்தகைய கட்டுப்பாடு இல்லாததால், கோயம்புத்தூர் அதிகாரி பின்னிரவில் வாளையாறு எல்லையைக் கடந்து பாலக்காடு சென்று, தமிழ்ப் படத்தை மலையாள மண்ணில் பார்த்துவிட்டு, உள்ளூரில் டிக்கெட் கிழிக்கத் தொடங்குமுன் திரும்பி வந்து, கதையைச் சொல்லிவிடுவேன் என்று நண்பர்களை மிரட்டும் உரிமையைப் பெறுகிறார்.

ஆனால் மிரட்டலுக்குப் பின்னால் சரக்கு இருக்கிறதா என்பது ஐயத்துக்குரியது. 1992இல் 'அண்ணாமலை'யில் புள்ளி புள்ளியாக எழுத்துகள் கூடி 'சூப்பர் ஸ்டார்' என்று திரண்டது முதல், நாயகனின் பெயர் திரையில் தோன்றும் 'டைட்டில் கார்டு' தனியொரு காட்சியாகவே கொண்டாடப்படுகிறது. இவர் அதைக் கைப்பேசியில் படம்பிடிக்கிறார். அதாவது பெரிய திரையில் வருவதைச் சிறிய திரையில் பார்க்கிறார். பிறகு அதை ஏற்ற வேண்டும், நெரிசலில் இணையம் கிடைக்காது, மாடிப்படிக்கு ஓட வேண்டும். திரும்பி வருவதற்குள் நாயகனின் தங்கை கடத்தப்பட்டிருப்பாள். இடைவேளையில் "முதல் பாதி தீ" என்று தீர்ப்பு எழுதியாக வேண்டும், ஏனெனில் போட்டி நாயகனின் அதிகாரி "முதல் பாதி மொக்கை" என்று ஏற்கெனவே எழுதிவிட்டார். இரண்டாம் பாதி முழுவதும் அவருக்குப் பதில் சொல்வதிலேயே போகிறது.

அடுத்த நாள் முதல் இவர் கணக்காளர். மொத்த வசூல், வரி போக நிகர வசூல், விநியோகஸ்தரின் பங்கு ஆகிய மூன்றையும், தன் வங்கிக் கணக்கின் இருப்பை அறியாத இவர், மாவட்டவாரியாக ஒப்பிப்பார். அவ்வேளையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் நிறுத்தி, குடும்பத்தோடு போக எண்ணி, "படம் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டால், செங்கல்பட்டு வட்டார வசூலிலிருந்து பதில் தொடங்கும். பெரியவர் பொறுமையாகக் கேட்டு முடித்து, "அதெல்லாம் சரிப்பா, கதை என்ன?" என்பார்.

"அதுக்கு இன்னொரு தடவை போய்ப் பார்க்கணும், அங்கிள்."