திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓர் அலுவலகத்தை நிறுத்துவது எப்படி?

ஆயிரம் பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தை ஒரே நொடியில் நிறுத்துவது ஒரு காலத்தில் லேசுப்பட்ட காரியமாக இல்லை. மின்வாரியம் மனசு வைக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது பந்த் அறிவிக்க வேண்டும். மேசைக்கடியில் ஆளுக்கொரு சி.பி.யூ. இருந்தவரை, ஒன்று படுத்தால் ஒருவர் டீ குடிக்கப் போவார். மற்ற 999 பேரும் வேலை செய்துகொண்டே இருப்பார்கள். இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் வி.டி.ஐ.

வி.டி.ஐ. என்றால் உங்கள் விண்டோஸ் உங்கள் மேசையில் ஓடாது. டேட்டா சென்டரில் ஒரு சர்வரின் வயிற்றுக்குள், இன்னும் நூறு விண்டோஸோடு ஒண்டுக்குடித்தனமாக ஓடும். நீங்கள் தட்டுவது அங்கே போகும், திரையின் படம் இங்கே வரும். மேசையில் தின் கிளையன்ட் என்று டிபன் பாக்ஸ் அளவில் ஒன்று உட்கார்ந்திருக்கும். பெரிய கணினி உள்ளறையில், மேசையில் வெறும் திரை என்ற ஏற்பாட்டை ஐ.பி.எம். 1971-லேயே 3270 டெர்மினல் என்று விற்றது. நடுவில் ஆளுக்கொரு கணினி கொடுத்துப் பார்த்தோம். சாலிடேர் விளையாடினார்கள். திரும்பப் பிடுங்கிக்கொண்டோம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஒரு நிதி நிறுவனத்தில் இந்தத் திருப்பணியில் நானும் இருந்தேன். அந்தப் பட்டறிவில்தான் இந்தக் கையேட்டை எழுதுகிறேன். சொன்னபடி செய்தால் அலுவலகம் நிற்கும், சந்தேகமே வேண்டாம்.

முதலில் ரேக்கை வாங்கிவிடுங்கள். யாருக்கு, எதற்கு என்பதைப் பிறகு யோசிக்கலாம். அதுவும் சர்வர், ஸ்விட்ச், ஸ்டோரேஜ், மேலே ஓடும் மென்பொருள் எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே பூட்டிச் சோதித்து, ஒரே பில்லில் லாரியில் ஏற்றி அனுப்புகிறார்களே, கன்வெர்ஜ்டு இன்ஃப்ராஸ்ட்ரக்சர், அதையே வாங்குங்கள். கல்யாண மண்டபத்தில் சமையல், மேளம், பூ, வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பேக்கேஜாகப் பேசி முடிப்போம் இல்லையா, அது மாதிரி. “ஏதாவது ஆச்சுன்னா நீங்க நாலு பேர் பின்னாடி அலைய வேண்டாம் சார், எங்க சட்டையைப் பிடிச்சா போதும்” என்பார் விற்பவர். இதை அப்படியே நம்புங்கள். சட்டைக்குள் யார் இருக்கிறார் என்று மட்டும் பார்க்காதீர்கள்.

பார்த்தால் தலை சுற்றும். 2009-இல் சிஸ்கோவும் இ.எம்.சி.யும் வி.எம்.வேரும் சேர்ந்து வி.சி.இ. என்று ஒரு கூட்டுக் குடும்பம் அமைத்தன. சர்வரும் ஸ்விட்சும் ஒருவர் சீர், ஸ்டோரேஜ் இன்னொருவர் சீர், மெய்நிகர் மென்பொருள் மூன்றாமவர் சீர். பிறந்த பிள்ளைக்கு வி-பிளாக் என்று பெயர். அடுத்த ஆண்டே நெட்ஆப் சிஸ்கோவோடு சேர்ந்து ஃபிளெக்ஸ்பாட் கொண்டுவந்தது. 2014-இல் சிஸ்கோ வி.சி.இ.யில் பத்து சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டது. 2016-இல் டெல் இ.எம்.சி.யையே வாங்கியது. 2021-இல் வி.எம்.வேர் தனிக்குடித்தனம் போயிற்று. 2023 நவம்பரில் அதை பிராட்காம் வாங்கி, ஒரு தடவை பணம் கட்டினால் காலத்துக்கும் உங்களுடையது என்றிருந்த லைசென்ஸை அடுத்த மாதமே நிறுத்தி, வருட வாடகைக்கு மாற்றியது. நமக்கு வேண்டிய டெஸ்க்டாப் பகுதி மட்டும் 2024-இல் ஆம்னிசா என்ற பெயரில் தனியாகப் பிரிந்தது. ஐந்து வருடத்துக்குச் சட்டையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் இந்தப் பாகப்பிரிவினையில் யார் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

பெட்டிக்குள் மூன்று துறைகள் சேர்ந்து வந்துவிட்டன என்பதற்காக உங்கள் ஆட்களையும் சேர்த்து உட்கார வைத்துவிடாதீர்கள். இது முக்கியம். ஸ்டோரேஜ்காரர் நாலாவது மாடியிலும், நெட்வொர்க்காரர் இரண்டாவது மாடியிலும், சர்வர்காரர் வேறு கட்டடத்திலும் இருக்கட்டும். ரேக்கின் கதவு ஒன்றுதான். ஆனால் பாஸ்வேர்டு மூன்று பேரிடம் இருக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் மற்ற இருவர் மேல் தலா ஒரு டிக்கெட் நிலுவையில் இருந்தால் இன்னும் நல்லது. இத்தகைய ரேக்கோடு எந்த ஸ்விட்சின் எந்தப் பதிப்பு எந்த ஸ்டோரேஜின் எந்தப் பதிப்போடு ஒத்துப்போகும் என்று சோதித்து ஒரு பட்டியல் தருவார்கள். நீங்கள் அத்தனை கோடி கொடுத்து வாங்கிய பொருளே உண்மையில் அந்தப் பட்டியல்தான். அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். சனிக்கிழமை ராத்திரி நெட்வொர்க்காரர் தன் வழக்கப்படி ஸ்விட்சை மட்டும் புதிய பதிப்புக்கு மாற்றட்டும். இத்தனை வருடமாகச் செய்கிற வேலைதானே, யாரைக் கேட்க வேண்டும்?

டெஸ்க்டாப் பிரிவு என்று ஒன்று இருக்கும். மவுஸ் மாற்றிக்கொடுக்கிற பையன்கள். எந்த மாடியில் எந்த பிரிண்டர் என்ன பாடுபடுத்தும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஆகவே எந்தக் கூட்டத்துக்கும் அவர்களைக் கூப்பிடாதீர்கள்.

அடுத்தது கணக்கு. இதில் நிதானமாகத் தப்பு செய்ய வேண்டும். டிஸ்க் எவ்வளவு கொள்ளும் என்று மட்டும் பாருங்கள், எவ்வளவு வேகம் என்று பார்க்காதீர்கள். ஒரே மூல விண்டோஸை எல்லோரும் பகிர்ந்துகொண்டு அவரவர் மாற்றங்களை மட்டும் தனியே வைத்தால், ஆளுக்கு ஐந்து ஜி.பி. போதும் என்று ஏட்டில் வரும். ஆயிரம் பேருக்கு ஐந்து டி.பி. இரண்டு டஜன் டிஸ்க்கில் அடங்கிவிடும். நிதிப்பிரிவு கைதட்டும்.

அந்தக் கைதட்டலின் நடுவே யாராவது ஒரு இளைஞன் எழுந்து இப்படிச் சொல்லக்கூடும்: “சார், சும்மா வேலை பார்க்கிற ஒரு டெஸ்க்டாப்பே வினாடிக்குப் பத்து தடவை டிஸ்க்கைத் தொடும். ஆயிரம் பேருக்குப் பத்தாயிரம். அதுல எண்பது சதவீதம் எழுதுறது. ரெய்டு 5-ல ஒரு தடவை எழுத நாலு தடவை தொடணும். எட்டாயிரம் முப்பத்திரண்டாயிரம் ஆகும், படிக்கிறது ரெண்டாயிரம். மொத்தம் 34,000. நிமிஷத்துக்கு 15,000 சுத்து சுத்துற டிஸ்க்கே சுமாரா 180தான் தரும். 189 டிஸ்க் வேணும் சார், நாம இருபத்திநாலு போட்டிருக்கோம்.” அவனை உடனே வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றுங்கள். இதுவே சும்மா இருக்கும் நேரத்துக் கணக்குத்தான். விண்டோஸ் கண்விழிக்கும்போதும் ஆட்கள் லாகின் செய்யும்போதும் இது பல மடங்காகும் என்று அடுத்த வாக்கியத்தில் அவன் சொல்லிவிடுவான்.

இப்போது ஃபிளாஷ் ஸ்டோரேஜ் வந்துவிட்டது, ஒரே பெட்டி வினாடிக்கு லட்சக்கணக்கில் தருகிறது, நிறுத்தும் வழி அடைந்துபோயிற்றே என்று வாசகர்கள் வருந்த வேண்டாம். நெரிசல் வேறு தெருவுக்குப் போகும், அவ்வளவுதான். விண்டோஸ் 7 காலத்து இரண்டு ஜி.பி. நினைவகத்தையே இன்றும் ஒதுக்கிவிட்டு, ஒருவரை பிரவுசரில் இருபது டேப் திறக்கச் சொல்லுங்கள். வீடியோ கூட்டத்துக்குத் தனி ஏற்பாடு எதுவும் செய்யாதீர்கள். பக்கத்து இருக்கைக்காரரின் முகம் டேட்டா சென்டர் வரை போய், அங்கே பிரித்துக் கோத்து, மறுபடி உங்கள் திரைக்கு வரும். வாய் அசைந்து முடிந்து வெகுநேரம் கழித்துக் குரல் வரும். எழுந்து அவரிடமே பேசிவிடலாம் என்று தோன்றும். அந்த வகையில் வி.டி.ஐ. மனித உறவுகளை வளர்க்கிறது.

சோதனை ஓட்டம் நடத்தாமல் விட்டால் ஆடிட்டர் கேட்பார். நடத்துங்கள். ஐ.டி. பிரிவிலேயே இருபது பேரை எடுத்து, புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ரேக் வேறு வேலையே இல்லாமல் கொட்டாவி விடும்போது லாகின் செய்யச் சொல்லுங்கள். பறக்கும். அதைப் படம்பிடித்து மேலிடத்துக்கு அனுப்புங்கள். ஆயிரம் பொய்யான பயனாளிகளை உண்டாக்கி ரேக்கைத் திணறடித்துப் பார்க்க லாகின் வி.எஸ்.ஐ. போன்ற கருவிகள் இருக்கின்றன. நேரமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

நிஜப் பயனாளிகள் எப்படி வருவார்கள் என்பது எங்கள் சாலைக்கே உரிய விசேஷம். கம்பெனி பஸ்கள். தாம்பரம், ஆவடி, பெரம்பூர் என்று எங்கிருந்து கிளம்பினாலும் எல்லாம் கடைசியில் ஒரே நெரிசலில் மாட்டி, எட்டு ஐம்பதுக்கு ஒன்றன் பின் ஒன்றாக வாசலில் வந்து கொட்டும். வருகைப்பதிவு கணினியில்தான் என்பதால் எல்லோரும் ஒன்பதுக்குள் லாகின் செய்தாக வேண்டும். ஆயிரம் பேர், பத்து நிமிடம். ஆன்டிவைரஸ் ஸ்கேனையும் அதே ஒன்பது மணிக்கு எல்லா டெஸ்க்டாப்பிலும் வைத்துவிட்டால் மங்களம் பாடிவிடலாம். பழைய கணினிகளில் அப்படித்தான் வைத்திருந்தோம், ஆளுக்கொரு டிஸ்க் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

லைசென்ஸைப் பற்றிச் சுருக்கமாக: தின் கிளையன்ட்டோடு விண்டோஸ் உரிமை வராது, மைக்ரோசாஃப்டுக்கு வி.டி.ஏ. என்று தனியாகக் கட்ட வேண்டும். ‘மூன்று ஆண்டில் முதல் திரும்பும்’ என்ற ஸ்லைடில் இதைச் சேர்க்காதீர்கள். திரும்பாது.

இனி ஆட்கள். எல்லோருக்கும் ராத்திரி அழிந்து காலையில் புதிதாகப் பிறக்கும் டெஸ்க்டாப்பையே கொடுங்கள். நிர்வகிக்கச் சுலபம், வைரஸ் தங்காது. வேறு எதுவும் தங்காது. எங்கள் கணக்குப் பிரிவில் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த ஓர் அம்மா, கிளைகளுக்குத் தமிழ்ச் சுற்றறிக்கைகளையும் தட்டுவார். முதல் வாரம் என் மேசைக்கு வந்து நின்றார்.

“தம்பி, நேத்து சாயங்காலம் தமிழ் ஃபாண்ட் போட்டுக் குடுத்தீங்களே, காணோம்.”

“அது ராத்திரியோட போயிடும்மா. காலைல புதுசா வரும்.”

“அப்ப நான் தினம் வந்து கோலம் போடணுமா?”

இந்தத் தொழில்நுட்பத்துக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை எந்த விற்பனையாளரும் எனக்குச் சொன்னதில்லை. அவரிடம் இன்னும் இரண்டு சிக்கல்கள் இருந்தன. ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய டிஜிட்டல் கையொப்பம் வைத்த யு.எஸ்.பி. டோக்கன் ஒன்று. அதை மேசையில் செருகினால் டேட்டா சென்டரில் இருக்கும் விண்டோஸுக்குத் தெரிய வேண்டும், தெரியவில்லை. மூன்று பிரதி கார்பன் தாளில் வவுச்சர் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னொன்று. அதைப் பார்த்ததும் தின் கிளையன்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மவுஸ் மாற்றும் பையன்களில் ஒருவன் யாரிடமும் கேட்காமல், ஏலத்துக்குப் போகவிருந்த அவருடைய பழைய சி.பி.யூ.வைத் திரும்பத் தூக்கிவந்து மேசைக்கடியில் வைத்துவிட்டான். திட்ட அறிக்கையில் ‘நூறு சதவீத இடமாற்றம் முடிந்தது’ என்று நான்தான் எழுதினேன்.

சனிக்கிழமை ஸ்விட்ச் பதிப்பு மாறியது. திங்கட்கிழமை எட்டு ஐம்பதுக்கு பஸ்கள் வந்தன. ஒன்பது மணிக்கு ஆறு மாடியும் நின்றது. ஸ்டோரேஜ்காரர் நெட்வொர்க் என்றார், நெட்வொர்க்காரர் சர்வர் என்றார், சர்வர்காரர் டிக்கெட் போடச் சொன்னார். டிக்கெட் போட லாகின் வேண்டும். பதினோரு மணிக்கு மேலிடத்திலிருந்து, ஊழியர்களுக்கு எழுத்தில் ஓர் அறிவிப்பு வேண்டும் என்று உத்தரவு வந்தது. ‘கணினி சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது’ என்று அந்த அம்மா தமிழில் தட்டி, டாட் மேட்ரிக்ஸில் மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தார். லிஃப்ட் வாசலில் ஒன்று, கேண்டீனில் ஒன்று. மூன்றாவதை ரேக்கின் கதவில் ஒட்டினேன்.