கடைசிப் பத்து மீட்டர்

குடும்பமாக நடக்கப் போவதில் ஒரு பழைய சிக்கல் உண்டு. பெரியவருக்கு நடையே பயன். காற்று, மரநிழல், பேச்சு என்று வழி நெடுக அவருக்கு லாபம்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கோ போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். “எதுக்குப் போறோம்?” என்று அது கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. அதற்கு ஜியோகேச்சிங்கைவிட நல்ல விடை இல்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

1. இலக்கணம்

ஒருவர் பொதுவெளியில் ஒரு டப்பாவை ஒளித்து, அது இருக்குமிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஊரறிய வெளியிடுகிறார். முன்பின் அறியாத இன்னொருவர் ஜிபிஎஸ் துணையோடு அதைத் தேடிக் கண்டு, உள்ளிருக்கும் ஏட்டில் பெயரெழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறார். இதுவே ஜியோகேச்சிங். ஒளிப்பவர், டப்பா, எண்கள், தேடுபவர் என இதற்கு உறுப்புகள் நான்கு.

2. தோற்றம்

ஒளித்துவைத்துத் தேடுவது மனிதருக்கு மிகப் பழைய இன்பம். மணலில் குச்சியை ஒளித்துக் கைபொத்தும் கிச்சுக்கிச்சுத் தாம்பாளமும் இந்த இனம்தான். அதை நீண்ட நடையோடு முடிச்சுப் போட்ட பெருமை இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்துக்குச் சேரும். 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளம் என்ற ஒதுக்கமான இடத்தில் ஒரு புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டுச் சென்றார்கள். லெட்டர்பாக்ஸிங் என்ற விளையாட்டு அதிலிருந்து வளர்ந்தது.

ஜியோகேச்சிங் பிறந்த நாளைத் துல்லியமாகவே சொல்லலாம். அதுவரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் குறிகளில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழை கலந்துவந்தது. கருவி காட்டும் இடம் 100 மீட்டர்வரை தவறும். அதிபர் கிளின்டனின் ஆணைப்படி 2000 மே 2ஆம் தேதி அந்தக் கலப்பு நின்றது. மறுநாளே ஒரேகான் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்துவைத்து எண்களை இணையத்தில் வெளியிட்டார். உள்ளே புத்தகம், மென்பொருள், கவண், கொஞ்சம் பணம், ஒரு டின் பீன்ஸ், குறிப்பேடு, பென்சில். மூன்று நாளுக்குள் இருவர் கண்டுபிடித்தார்கள். அதே மாதம் மேட் ஸ்டம் என்பவர் ‘ஜியோகேச்சிங்’ என்று பெயர் வைத்தார். செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென ஓர் இணையதளம் தொடங்கியபோது அதில் இருந்தவை 75 டப்பாக்கள். இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கு மேல்.

3. பிழையின் மாட்சி

இந்த விளையாட்டின் உயிர் எங்கே இருக்கிறது? கருவியின் பிழையில். பிழை 100 மீட்டர் என்றால் தேட வேண்டிய வட்டம் ஏறத்தாழ 31,400 சதுர மீட்டர், குடும்பம் நொந்துபோகும். பிழை அறவே இல்லையென்றால் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், தேடல் ஏது? இன்றைய கைபேசி, மரங்களுக்கடியில் பத்து மீட்டர்போலத் தவறும். அப்போது வட்டம் 314 சதுர மீட்டர். நாலு பேர் கலைந்து தேடவும், ஒருவர் கத்தினால் மற்றவர் ஓடிவரவும் ஏற்ற அளவு.

20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நான்கின் குறிகளாவது சேர்ந்தால்தான் கருவி நம் இடத்தைக் கணிக்கும். அவை அத்தனையும் இந்த வட்டத்தின் விளிம்போடு கைவிரித்துவிடுகின்றன. அதற்கு மேல் கண்தான். அங்கே பெரியவரின் படிப்பு உதவாது. பிள்ளையின் கண்ணோ நிலத்துக்கு அருகில் இருக்கிறது. வேரடிப் பொந்தும் பலகைக்கு அடியிலிருக்கும் இருளும் அதற்கு நேரே தெரிகின்றன. மூன்று டப்பா கண்ட பிள்ளை, காடு குச்சிகளை வரிசையாக அடுக்காது என்று தெரிந்துகொள்கிறது. அன்றுமுதல் அது காட்டைப் படிக்கத் தொடங்குகிறது.

4. வகையும் விதியும்

ஒவ்வொரு டப்பாவுக்கும் தேடும் கடினம், நிலத்தின் கடினம் என இரண்டு மதிப்பெண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை. சிறு பிள்ளையோடு போகிறவர்கள் இரண்டிலும் 2க்கு மேல் போகாதிருப்பது நலம். அளவிலும் கவனம் வேண்டும். பழைய பிலிம்சுருள் டப்பா அளவே உள்ளதில் பெயரெழுதும் தாள் மட்டும்தான் இருக்கும். சாப்பாட்டு டப்பா அளவுள்ளதில் கோலிக்குண்டு, பொம்மை, சாவிவளையம் என்று மாற்றிக்கொள்ளும் பொருள்கள் இருக்கும்.

நிலத்துக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் டப்பாவைப் புதைக்கக் கூடாது, விலங்குகள் மோப்பம் பிடிக்குமாதலால் உணவு வைக்கக் கூடாது. பாதி புதைந்து, பீன்ஸோடு இருந்த அந்த முதல் வாளி இன்றைய விதிகளில் தேறாது. இரண்டு டப்பாக்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. சோர்ந்த காலுக்கு, அடுத்தது அவ்வளவு அருகிலேயே இருக்கலாம் என்ற நம்பிக்கை எத்தனை பெரிய துணை!

5. பயன்

நூற்பயன் நான்கு என்பது மரபு. நான்கும் இதில் உண்டு.

அறம்: எடுத்ததை இருந்தபடி வைப்பது, கையில் ஒரு பை கொண்டுபோய் வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி வருவது. தேடியும் கிடைக்காதபோது ‘கிடைக்கவில்லை’ என்று ஜியோகேச்சிங் செயலியில் பதிவதும் அறமே. டப்பா தொலைந்திருக்கலாம் என்று ஒளித்தவருக்கு அதனால் தெரியவரும். தோல்வியை ஒளிக்காமல் எழுதப் பிள்ளையும் பழகும்.

பொருள்: ஒன்றை எடுத்தால் அதே மதிப்புள்ள அல்லது அதைவிட நல்ல பொருளை வைப்பது. அடுத்து வரப்போகிற, முகம் தெரியாத பிள்ளையை நினைத்துத் தன் பொம்மைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பது சிறிய வயதில் பெரிய பாடம்.

இன்பம்: “இங்க இருக்கு!” என்ற அந்தக் கூவல்.

வீடு: நடையில் கடினமான பாதி திரும்பும் வழிதான். ஆகவே போகும்போதே எல்லாவற்றையும் தேடித் தீர்க்கக் கூடாது. வண்டி நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால் உள்ள ஒன்றை மிச்சம் வைக்க வேண்டும். “கால் வலிக்குது, தூக்கிக்கோ” என்ற பிள்ளை, கைபேசியில் தூரம் இரட்டை இலக்கத்துக்கு இறங்கியதும் கையை உதறிக்கொண்டு முன்னால் ஓடும்.