நாற்பது நூல், நான்கு லட்சம் படி

எழுத்தாளர் தம்மை ஒரு நிறுவனமாகக் கருத வேண்டும் என்று தியாகராய நகர் அரங்குகளில் இன்று கட்டணம் பெற்றுப் போதிக்கப்படும் உத்திகளைச் சுப்பிரமணிய பாரதி 1920-இல் கடையத்திலிருந்து இலவசமாகவே வகுத்துவிட்டார். தம் எழுத்துகளை 40 நூல்களாக்கி, நூலுக்கு 10,000 வீதம் 4 லட்சம் படிகள் அச்சிட்டு, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் விற்பதென்றும், அதற்கான முதலை அன்பர்களிடம் கடனாகத் திரட்டுவதென்றும் சுற்றறிக்கை விடுத்தார். பலரிடம் சிறுசிறு தொகையாக முதல் சேர்க்கும் இம்முறையே இப்போது கூட்டுநிதி எனப்படுகிறது. உற்பத்தி, சந்தை, வட்டி அனைத்தும் கணக்கில் இருந்தன. பணம் அனுப்பும் அன்பர்கள்தாம் திட்டம் ஈடேறுமளவு தேறவில்லை. 1921 செப்டம்பரில் அவர் திருவல்லிக்கேணியில் மறைந்தார். 1949-இல் அரசு பதிப்புரிமையைப் பெற்றுப் பின்னர்ப் பொதுவாக்கவே, உரிமைத்தொகை, அதாவது விற்பனையில் ஆசிரியருக்குரிய பங்கு, செலுத்தாமல் எவரும் அச்சிடலாம் என்றாயிற்று. மயிலாப்பூர் முதல் அடையாறு வரை பாரதி நூல் வைக்காத புத்தகக் கடை அரிதாயிற்று. ஆகவே, திட்டம் பழுதற்றதென்றும், ஆசிரியருக்கு ஊதியம் என்னும் ஒரே செலவினம்தான் அதற்குத் தடையாக இருந்ததென்றும் மேலாண்மை அறிஞர்கள் தயங்காமல் முடிவுகட்டலாம்.