டிரம்முக்குள் ஒரு கடல்

கே: நாகப்பட்டினத்துச் சகலை, “நாற்பது வருசத்து அவுட்போர்டு மோட்டார் ஒண்ணு சல்லிசா வருது, வாங்கிப் போடுங்க” என்கிறார். வாங்கலாமா? - தறிக்காரர், மங்கலம்.

ப: முதலில் ஆற்றைப் பாருங்கள், மோட்டாரை அப்புறம் பார்க்கலாம். நொய்யலில் பாதி வருசம் முழங்கால் நனையாது. ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் பாசனத்துக்கென்று அணை கட்டினோம், தேங்கியதோ சாயத் தண்ணீர். தண்ணீர் கேட்ட விவசாயிகளே ‘திறந்து விடாதீர்கள்’ என்று கும்பிட்டார்கள். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

கே: ஆண்டிபாளையம் குளத்தில் படகு விடுகிறார்களே! - அதே தறிக்காரர்.

ப: அவர்கள் அனுமதியோடு விடுகிறார்கள். நீங்களாக மோட்டார் படகை இறக்கினால், எட்டிப் பார்க்க மீனுக்கு முன்னால் போலீஸ் வரும்.

கே: மோட்டாரில் ‘எவின்ரூட்’ என்று போட்டிருக்கிறது. நல்ல கம்பெனியா?

ப: நல்ல காதல் கதை. காதலி கேட்ட ஐஸ்கிரீமை வாங்கிக்கொண்டு ஏரியில் துடுப்புப் போட்டுத் திரும்பினாராம் ஓலே எவின்ரூட். கரை சேர்வதற்குள் ஐஸ்கிரீம் பாயசமாகிவிட்டது. அந்த ஆத்திரத்தில் செய்த மோட்டாரை 1909-ல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 2020-ல் அந்தப் பெயரில் மோட்டார் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். இனி ஸ்பேருக்கு அலைவது உங்கள் பாடு. யமஹா, சுசுகி என்றால் கடலோர ஊர்களில் கைதேர்ந்த மெக்கானிக்காவது கிடைப்பார்.

கே: ‘ரன்னிங் கண்டிஷன்’ என்று சத்தியம் செய்கிறாரே?

ப: பழைய தறி வாங்கும்போது சத்தியத்தையா கேட்பீர்கள், நாலு மீட்டர் ஓட்டிக் காட்டு என்பீர்களா? அதேதான் இங்கேயும். போனவுடன் எஞ்சின் மேல் கை வையுங்கள். சுட்டால், நீங்கள் வருவதற்கு முன்பே மல்லுக்கட்டி ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். டீ குடித்துவிட்டு, ஆறிய பிறகு கயிற்றை நீங்களே இழுங்கள்.

அடுத்து, பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். அளவுகளுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். கீழே கியர் ஆயில் திருகைத் தளர்த்துங்கள். எண்ணெய் எண்ணெயாக வந்தால் சரி. பால்காபி நிறத்தில் வந்தால் சீல் போய், தண்ணீர் உள்ளே குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

கே: பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்?

ப: டூ ஸ்ட்ரோக் அல்லவா, கூடவே ஆயிலும் கேட்கும். ஐம்பது லிட்டருக்கு ஒரு லிட்டர். அதைவிடப் பழைய மாடல் என்றால் இரண்டு லிட்டரும் கேட்கலாம். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பர் குழாய்களுக்கு ஆகாது. குழாய் எல்லாவற்றையும் மாற்றும் செலவை இன்றைக்கே விலையில் கழித்துக் கேளுங்கள்.

கே: மோட்டாரைத் தோட்டத்துக் கிணற்றில் கட்டித் தண்ணீர் இறைக்கலாமா?

ப: அதற்கு இறைக்கத் தெரியாது, தள்ளத்தான் தெரியும். கிணற்றுக்குள் எங்கே தள்ளும்?

கே: படகும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. முடிவாகச் சொல்லுங்கள்.

ப: ஆசைக்கு ஒரு நீல டிரம் போதும். சாயப்பட்டறைப் பக்கம் அதற்கா பஞ்சம்? நன்றாகக் கழுவி, வெட்டவெளியில் வைத்து, புரொபெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரில்லாமல் ஓட்டிவிடாதீர்கள், உள்ளே தண்ணீர் ஏற்றும் ரப்பர் இறக்கை கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். ஸ்டார்ட் ஆனதும், பக்கத்திலுள்ள சின்னத் துளையில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் இருமாமல் ஓடினால் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்திவிட்டு டிரம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். மங்கலத்தில் அதற்கு அதுதான் கடல்; உங்களுக்கும்தான்.