காந்தம் விட்டாலும் அளவுகோல் விடாது

கேள்வி: ஜப்பானியப் பயிற்சி வாளுக்குக் கூர்மையே கிடையாது என்கிறார்கள், பிறகு ஏன் இங்கிலாந்துச் சுங்கத்தில் அதைத் தடுத்து நிறுத்துகிறார்கள்?

பதில்: உறையிலிருந்து வாளை உருவி வீசி மீண்டும் உறையிலிடும் இயாய்டோ கலையைப் பயில்வோருக்கான இவ்வாள், ஜப்பானில் பெரும்பாலும் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகத்தில் வார்க்கப்படுவதால், எஃகு வாளுக்கு அந்நாட்டுச் சட்டம் கேட்கும் பதிவுச் சான்று இதற்குத் தேவைப்படுவதில்லை, அலகில் காந்தம் ஒட்டாது என்பதே எளிய சோதனை. இங்கிலாந்திலோ 2008 ஏப்ரலில் நடப்புக்கு வந்த ஆணை, 50 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ நீண்ட, வளைந்த அலகுடைய வாளின் இறக்குமதியைத் தடை செய்ததோடு, அந்நீளத்தைக் கைப்பிடியின் மேல்முனையிலிருந்து அலகின் நுனிவரை நேர்கோட்டில் அளக்கவும் சொல்கிறது; உலோகம் எது, கூர்மை உண்டா என்று அவ்வரையறை கேட்பதே இல்லை. ஆகவே காந்தத்தை வென்ற வாள் அளவுகோலிடம் தோற்றுவிடுகிறது.

மரபு முறைப்படி கையால் செய்த வாளுக்கும் 1954-க்கு முற்பட்ட வாளுக்கும் விலக்கு உண்டு என்றாலும், இன்றைய வார்ப்பு வாளுக்கு இரண்டும் பொருந்தாததால், வாள் தேவைப்படும் விளையாட்டுக்கான விலக்கையே பயில்வோர் நாட வேண்டியிருக்கிறது; அதற்கு, பயிற்சியால் பிறருக்கு நேரும் தீங்கை ஈடுசெய்யும் பொதுப் பொறுப்புக் காப்பீடு இருத்தல் வேண்டும். அக்காப்பீட்டுச் சான்றையும் பயிற்சிக்கூடத்தின் கடிதத்தையும் முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருப்பது நல்லது. பெட்டியின்மேல் அலங்காரப் பொருள் என்று எழுதி அனுப்பச் சொல்வது மட்டும் கூடவே கூடாது, ஏனெனில் எக்ஸ்ரேயில் வாள் வாளாகவே தெரியும்.