ஆறு சக்கரம், இரண்டு பிரேக்

அமெரிக்காவில் படகு வாங்கியிருக்கும் கனவான்களே, வாழ்த்துகள். படகின் பின்புறத்தில் பெயரெழுதியாயிற்று. தண்ணீருக்கடியில் நீலமாக ஒளிரும் விளக்கு, மீன் எங்கே என்று காட்டும் திரை, பானக் கோப்பை வைக்க மூலைக்கு மூலை குழி என்று ஒரு குறையும் இல்லை. இனி அதை ஏரிவரை இழுத்துப் போக ஒரு டிரெய்லர் வேண்டும். அதன் பிரேக்கில் போய்க் காசைக் கொட்டுவானேன்? படகு உங்களுடையது. பிரேக்கோ முன்னால் போகிறவன் உயிரோடிருக்கப் போடுவது. யாரோ ஒருவனுக்காக நீங்கள் ஏன் செலவழிக்க வேண்டும்?

சட்டமும் உங்கள் கட்சிதான். பல மாநிலங்களில் டிரெய்லர் 3,000 பவுண்டைத் தொட்டால்தான், அதாவது சுமார் 1,360 கிலோ ஆனால்தான், பிரேக் எங்கே என்று கேட்பார்கள். மாசசூசெட்ஸ் இன்னும் தாராளம்: டிரெய்லரின் வெற்று எடையே 10,000 பவுண்டைத் தாண்ட வேண்டும். ஐரோப்பியர்கள்தான் பாவம், 750 கிலோவுக்கு மேல் போனாலே பிரேக் கேட்டுத் தொல்லை செய்கிறார்கள். நியூட்டனின் விதிகளுக்கு அட்லாண்டிக்கைக் கடக்க விசா கிடைக்கவில்லை போலிருக்கிறது.

கலிஃபோர்னியாவைத் தனியாகக் கும்பிட வேண்டும். 1966-க்குப் பிறகு பதிவான, 3,000 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள டிரெய்லருக்கு ‘குறைந்தது இரண்டு சக்கரங்களில்’ பிரேக் இருக்க வேண்டும் என்கிறது அந்த மாநிலச் சட்டம். மொத்தம் எத்தனை சக்கரம் என்று கேட்கவில்லை. மூன்று அச்சு, ஆறு சக்கரம் வைத்த பெரிய டிரெய்லரிலும் இரண்டில் பிரேக் இருந்தால் நீங்கள் உத்தமர். மற்ற நான்கும் ஓசிச் சவாரி. படகு கனமானதால்தானே அச்சைக் கூட்டினீர்கள்? பாரம் தாங்க மூன்று அச்சு, நிறுத்த ஓர் அச்சு. இந்தக் கணக்கை எந்தப் பள்ளியில் படித்தீர்கள்?

எடைக் கணக்கு இதைவிட அழகு. விற்பவர் காட்டும் பட்டியலில் ‘உலர் எடை’ என்று ஒரு எண் இருக்கும். பெட்ரோல் இல்லாமல், தண்ணீர் இல்லாமல், நங்கூரம் இல்லாமல், ஐஸ் பெட்டி இல்லாமல், சில பட்டியல்களில் எஞ்சினே இல்லாமல் எடுத்த எடை. 100 கேலன் பெட்ரோல் மட்டுமே 270 கிலோவுக்கு மேல் வரும். மாப்பிள்ளைக்குக் கடன் எவ்வளவு என்று கேட்டால் ஜாதகத்தை நீட்டுகிற தரகர்தான் இந்த விற்பனையாளர். அந்த உலர் எண்ணை நம்பி பிரேக் வேண்டாம் என்று முடிவெடுக்கும் நீங்கள், முழு எடையோடு மணிக்கு 70 மைலில் பறக்கிறீர்கள். 60 மைலில் போவதைவிடப் பத்து மைல்தானே கூட? அந்தப் பத்து மைலுக்கு, நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 36 சதவீதம் கூடுகிறது.

சரி, மனம் இரங்கிப் பிரேக் போடுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். சாதாரண மின் பிரேக்கின் காந்தம் உப்புத் தண்ணீரில் முங்கி முங்கி அரித்துப்போகும். அதனால் படகு டிரெய்லர்களில் சர்ஜ் பிரேக்தான் அதிகம். முன்வண்டி வேகம் குறைக்க, டிரெய்லர் முன்னால் தள்ள, அந்தத் தள்ளலே மாஸ்டர் சிலிண்டரை அழுத்திப் பிரேக் பிடிக்கும். ரிவர்ஸிலும் இதே தள்ளல் வரும் என்பதால், டிஸ்க் பிரேக் போட்டவர்கள் ரிவர்ஸ் விளக்கின் மின்சாரத்தில் வேலை செய்யும் ஒரு வால்வை வைக்க வேண்டும். அதற்கு வழக்கமான நான்கு வயரோடு ஐந்தாவதாக ஒரு வயர் வேண்டும். அந்த ஒரு வயருக்குச் சோம்பல்பட்டு, இணைப்பு நகராமல் ஒரு ஆணியைச் செருகிப் படகை இறக்கிவிட்டு, ஆணியை எடுக்காமலே நெடுஞ்சாலை ஏறும் மகானுபாவர்கள் உண்டு. இவர்கள் வண்டியில் பிரேக் இருக்கிறது, காசும் கொடுத்தாயிற்று, பிடிக்கத்தான் பிடிக்காது.

டிரம் பிரேக்குக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டு, டிஸ்க்கை மட்டும் மாட்டுவது இன்னொரு சாமர்த்தியம். டிஸ்க்குக்கு அழுத்தம் அதிகம் வேண்டும். டிரம்முக்காகக் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வையும் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் டிஸ்க் எப்போதும் லேசாக உரசிச் சூடேறும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் சக்கரத்தின் குடத்துக்குள் தண்ணீர் இழுபட்டு, பேரிங் பாழ். ஆனால் இதையெல்லாம் படிக்க நேரம் ஏது? கரைக்கு வந்ததும் எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் விட்டுக் குளிப்பாட்டுகிறீர்கள், படகைத் துடைத்துப் பளபளக்க வைக்கிறீர்கள். உப்பில் ஊறிய பிரேக்குக்கு ஒரு குவளைத் தண்ணீர் கிடையாது. அது துருப்பிடித்து இறுகிய பிறகு, ‘படகு டிரெய்லருக்குப் பிரேக்கே சரிவராது’ என்று ஊருக்கு உபதேசம்.

உங்கள் பிக்கப் வண்டியின் கையேடு இழுக்கும் திறனைப் பெரிய எண்ணாகப் போட்டிருக்கும். டிரெய்லருக்குத் தனிப் பிரேக் வேண்டும் என்றும் அதே கையேடு சொல்லும். முதல் எண்ணை நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளும் வாய், இரண்டாவதைப் படித்ததே இல்லை. சிவப்பு விளக்கில் நிற்கும் சிறிய காரில், பின் இருக்கையில், ஒரு குழந்தை இருக்கலாம். பின்னால் வரும் படகின் பெயர் என்ன என்று அதற்குத் தெரியாது, எத்தனை சக்கரத்தில் பிரேக் போட உங்களுக்கு மனம் வந்தது என்றும் தெரியாது. மழை பெய்த சாலையில் நீங்கள் மிதிப்பீர்கள். டிரெய்லர் தள்ளும், பிக்கப்பின் பின்பாகம் பக்கவாட்டில் சுழலும், நீங்கள் ‘கடவுளே’ என்பீர்கள்.

அதற்குப் பிறகு அளவு நாடாவோடு ஆட்கள் வருவார்கள். டிரெய்லரின் பிரேக் சட்டப்படிதான் இருந்தது என்று அறிக்கையில் எழுதுவார்கள். பொய்யில்லை. மற்ற நான்கு சக்கரங்களில் ஒன்றுமே இல்லாமலிருந்ததும் சட்டப்படிதான்.